அரிவரி வகுப்பின் வரலாறு

கல்வியின் சிறப்பைப் பேசப் புகும்போது நாம் பெரும்பாலும் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையுமே நினைக்கின்றோம். பட்டம் பெற்றோர் பெயர்களை மலர்களிலே அச்சிட்டு மகிழ்கின்றோம். அது தகும். ஆயினும், அப்பட்டதாரிகள் அனைவரும் ஒரு காலத்திலே ஐந்து வயதுப் பாலராய், அரிவரி வகுப்பின் வாங்கிலே கால் நிலத்தில் எட்டாமல் இருந்து, அகரம் எழுதப் பழகியவர்களே. அந்த முதலிரண்டு ஆண்டுகளில் அவர்கள் என்ன கற்றார்கள், யாரிடம் கற்றார்கள், எந்த நூலைக் கற்றார்கள் என்று ஆராய்வார் மிகச் சிலர்.

ஈழநாட்டுத் தமிழர் வரலாற்றைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். எம்மை ஆளவந்தோரும், எமது சமயத்தை மாற்றவந்தோரும், அதனைக் காக்க எழுந்தோரும் தம் முயற்சியைப் பாலருடைய முதற்பாடத்திலிருந்தே தொடங்கினர். பெரியோரை வாதிலே வெல்வதிலும் பார்க்கச் சிறுவர் கையிற் கொடுக்கும் ஏட்டை மாற்றுவது பயன் தரும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின், பாலர் கல்வியின் கதை எமது சமூகத்தின் கதையுமாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம். கூறுமிடத்து இரண்டு வினாக்களை மனத்திற் கொள்வோம். முதற்பாடத்திலே என்ன எழுதப்பட்டிருந்தது? அதைப் படிக்க யாருக்கு இடம் இருந்தது? இவ்விரண்டினுள் ஒன்றை மாத்திரம் கேட்போமாயின் வரலாற்றின் பாதியையே அறிந்தவராவோம்.

மணலும் ஓலையும்

அச்சுப் புத்தகம் எமது நாட்டிற்கு வருமுன்னர்ப் பிள்ளையின் முதற் புத்தகம் மணலே. விசயதசமி நாளிலோ தைப்பூசத்திலோ நல்ல நேரம் பார்த்து ஏடு தொடக்குவர். தாம்பாளத்திற் பரப்பிய அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்துப் பெரியவர் ஒருவர் எழுதுவிப்பார். பிறகு பிள்ளை சட்டம்பியார் வீட்டுத் திண்ணைக்குப் போகும். அங்கே நிலத்திற் பரப்பிய மணலில், சட்டம்பியார் எழுதிய எழுத்தின்மேல் தன் விரலைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். கண் பார்க்க, வாய் சொல்ல, காது கேட்க, விரல் வரைய, நான்கும் ஒருங்கே தொழிற்பட்டன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்களும் கைவந்தபின்னரே ஓலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும்.

முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் திண்ணைப் பள்ளியின் வழக்கம். அப்படிச் சொல்லிக் கொடுப்பவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இவ்வழக்கம் கடல் கடந்து சென்ற கதை சுவையானது. சென்னை எழும்பூரிலே போர்வீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கென இருந்த ஆதரவற்றோர் விடுதியை 1789ஆம் ஆண்டிலே பொறுப்பேற்றவர் அன்றூ பெல் என்னும் பாதிரியார். அவ்வூர்ப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797ஆம் ஆண்டிலே இலண்டனில் இதனைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சிறு செலவிற் கல்வி புகட்ட வழி தேடிய இங்கிலாந்து அதனை ‘மதராஸ் முறை’ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. எமது திண்ணைச் சட்டாம்பிள்ளை ஆங்கில நாட்டுப் பள்ளிகளிலும் ஆசனம் பெற்றான் என்பதை எமது இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

எழுத்து முடிந்தபின் ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்பன வரும். அதன்பின் மூதுரை, நல்வழி. மேலே போகிறவர்க்கு நிகண்டு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகரவரிசையில் அமைந்தவை. ஆகவே, கற்ற எழுத்தை மறவாமல் நினைவூட்டுதலும், நல்லொழுக்கத்தை மனத்திற் பதித்தலும் ஒரே வேலையாக முடிந்தன. எழுத்து வேறு, ஒழுக்கம் வேறு என்று எமது முன்னோர் பிரித்துப் பாடம் சொல்லவில்லை.

இம்முறையிற் குறையும் இருந்தது. மனனம் முன்னே வந்தது. பொருள் வெகு தூரம் பின்னே வந்தது. பொருள் வந்து சேருமுன்னரே படிப்பை விட்டு வயலுக்குப் போன பிள்ளைகள் பலர். பிரம்பின் ஆட்சியும் குறைவாயிருக்கவில்லை. பழையது என்பதற்காக அனைத்தையும் போற்றுவது ஆராய்ச்சியாகாது.

எண்சுவடி

எழுத்தோடு எண்ணும் கூடிச் சென்றது. எண்சுவடியிலே முழுவெண்களைக் காட்டிலும் பின்னங்களுக்கே பெரிய இடம். கால், அரை, முக்கால் என்பன இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றின் கீழே அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனப் படிப்படியாக இறங்கிச் செல்லும் பின்னங்களை இன்று அறிவார் அரியர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். இவற்றின் பெருக்கல் வாய்பாடுகளைச் சிறுவர் பாட்டுப்போல ஒப்புவித்தனர்.

ஏன் இத்துணை நுண்ணிய கணக்கு? நெல்லை அளக்கவும், நிலத்தைப் பங்கிடவும், வாரம் கொடுக்கவும், வட்டி பார்க்கவும் வேண்டியிருந்தது. காகிதமும் பேனாவும் இல்லாத வயல்வெளியிலே கணக்கு மனத்திலேதான் நிகழ வேண்டும். திண்ணைப் பள்ளியிற் படித்த கமக்காரனைத் தரகன் எளிதில் ஏமாற்ற முடியாது. எண்சுவடி பாலர் பாடமேயாயினும் அது குடியானவனின் கவசமுமாயிருந்தது. பவுண், சிலிங், பென்ஸ் வந்தபோதும், பிறகு ரூபாய் சதம் வந்தபோதும் அக்கவசம் சிறிது சிறிதாகக் கழன்றது.

கோயிற்பற்றுப் பள்ளிகள்

1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களுடைய குருமார் ஊர்தோறும் கோயிற்பற்றுக்களை வகுத்து, தேவாலயத்தை அடுத்துப் பள்ளிகளை நடத்தினர். 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அப்பள்ளிகளைத் தம்முடைய புரட்டஸ்தாந்து சமயத்துக்கு ஏற்றவாறு திருத்தி இன்னும் ஒழுங்காக நடத்தினர். யாழ்ப்பாணத்திற் பணிசெய்த பல்தேயு பாதிரியார் 1672ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலிலே இக்கோயிற்பற்றுக்களையும் பள்ளிகளையும் ஊர்வாரியாக எடுத்துரைத்துள்ளார்.

அப்பள்ளிகளிலே பிள்ளைகள் கற்றவை யாவை? கிறித்தவ மன்றாட்டுக்கள், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், வினாவிடை. இவற்றோடு வாசிப்பும் சிறிது எழுத்தும். வரத் தவறிய பிள்ளைகளின் பெற்றோர்க்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. பள்ளி உபாத்தியாயரே ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைத் தோம்பிலே பதிந்தார். தோம்பிற் பெயரில்லாதவன் தன் பிறப்பையும் உரிமையையும் நிலைநாட்ட இடர்ப்பட்டான். ஆகவே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது கல்வியின்பொருட்டு மாத்திரமன்று, குடியுரிமையின்பொருட்டும் காணியுரிமையின்பொருட்டுமாயிற்று.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வாறு நடந்தது. 1795ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் கட்டாயம் தளர்ந்தது. அதன்பின் சனங்களிற் பெரும்பாலார் வெளிப்படையாகச் சைவக் கோயில்களுக்குத் திரும்பினர். பள்ளியிலே காலையில் ஒப்புவித்த பாடம் நாவளவில் நின்றது. வீட்டிலே மாலையில் தாய் பூசிய திருநீறு நெற்றியில் நிலைத்தது. கட்டாயத்தின்பேரிற் புகட்டிய முதற்பாடம் வேரூன்றாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மிஷன் பாடசாலைகள்

பின்னர் வந்தோர் வேறு வழியைக் கைக்கொண்டனர். 1814ஆம் ஆண்டிலே உவெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தனர். 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் தொடங்கினர். 1818ஆம் ஆண்டிலே சேர்ச் மிஷனைச் சேர்ந்தோர் நல்லூரில் அமர்ந்தனர். இவர்கள் கட்டாயப்படுத்தவில்லை, கவர்ந்தனர். ஊர்தோறும் சிறு பாடசாலைகளை நிறுவினர். தொடக்கத்திலே அப்பாடசாலைகள் பலவற்றில் உள்ளூர்ச் சைவச் சட்டம்பிமாரே சம்பளம் பெற்றுக் கற்பித்தனர். பாடம் மாத்திரம் மிஷனுடையது.

அமெரிக்க மிஷனின் விடுதிப் பாடசாலைகளிலே மற்றொரு வழக்கமும் இருந்தது. அமெரிக்காவிலுள்ள ஒருவர் ஒரு பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பினால் அவர் விரும்பிய பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டுவர். தாய் தந்தையர் இட்ட முருகன் பெயரும் சிவன் பெயரும் மறைய, கண்டிராத கொடையாளியின் பெயர் அழைப்புப் பெயராயிற்று. எழுத்தறியுமுன்னரே அப்பிள்ளை கற்ற முதற்பாடம் அதுவே எனலாம்.

எனினும், நன்றி மறத்தல் எமது சமயத்துக்கு ஏற்றதன்று. 1824ஆம் ஆண்டிலே உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை நிறுவியவர் அமெரிக்க மிஷனரிமாரே. திண்ணைப் பள்ளியிற் பெண் பிள்ளைக்கு இடம் இருந்தது மிக அருமை. 1834ஆம் ஆண்டளவிலே மானிப்பாயில் அவர்கள் அமைத்த அச்சியந்திரம், ஓலையிற் கிடந்த பாடத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தது. பூமிசாத்திரமும் புதுக்கணிதமும் சிறுவர்க்குத் தெரியலாயின. வகுப்பைப் படிப்படியாகப் பிரித்தல், ஒவ்வொரு படிக்கும் ஒரு புத்தகம் வைத்தல், எளிய வசனத்தால் வாசிப்புப் பழக்குதல் என்பனவும் இவர்களாலே பரவின. கருவி நன்று. அக்கருவியால் எழுதப்பட்ட பொருளிலேதான் சைவப் பெற்றோர்க்கு இடர் இருந்தது. வாசிக்கக் கற்ற பிள்ளை தன் தாய் வணங்கும் தெய்வத்தை இழிவாகப் பேசவும் கற்று வந்தது.

நாவலர் கண்ட வழி

இவ்விடரை உள்ளிருந்தே அறிந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879). உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர் அவர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு ஆண்டிலேயே மிஷன் உத்தியோகத்தை விட்டு, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

பிரசங்கமும் கண்டனமும் வளர்ந்தோரை நோக்கியவை. நாவலரது தொலைநோக்குப் பாலரை நோக்கிய பணியிலேதான் நன்கு விளங்குகின்றது. 1849ஆம் ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டு, 1850ஆம் ஆண்டையடுத்துப் பாலபாட நூல்களை வரிசையாக வெளியிடத் தொடங்கினார். எழுத்து, சிறு சொல், சிறு வாக்கியம், பின்னர் சிறு கட்டுரை எனப் பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப அவை அமைந்தன. நான்காம் பாலபாடத்திற்கு வரும் மாணவன் கடவுள், ஆன்மா, கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு முதலியவை பற்றித் தெளிந்த வசனத்திலே கட்டுரை வாசிக்கும் நிலையை அடைவான். சமயத்தைச் சிறுவர்க்குப் போதிக்கச் சைவவினாவிடையும், இலக்கணத்துக்கு இலக்கணச் சுருக்கமும் எழுதினார்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. நாவலர் திண்ணைப் பள்ளியை அப்படியே மீட்டுவரவில்லை. மிஷன் பாடசாலையை அப்படியே பின்பற்றவுமில்லை. படிமுறைப் புத்தகம், வகுப்புப் பிரிவு, அச்சு, வினாவிடை என்னும் கருவிகளை மிஷனரிமாரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அவற்றினுள்ளே வைத்த பொருளைத் தம் முன்னோரிடமிருந்து எடுத்தார். அது மாத்திரமன்று, பிள்ளை பாட்டை மனனம் செய்து பொருளுக்குக் காத்திருந்த நிலையை மாற்றி, வாசிக்கும்போதே பொருள் விளங்கும் வசன நடையை முதற் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார். சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் அச்சிட்டமை சிறுவர் கண்ணுக்கு ஊன்றுகோலாயிற்று. தமிழ் வசனநடை கைவந்த வல்லாளர் என்று அவரைப் புலவர் உலகம் போற்றுகின்றது. அவ்வசனநடை பாலர் வகுப்பிலும் பயின்று வளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தொண்டிற்குப் பணம் எங்கிருந்து வந்தது? வித்தியாசாலையில் இலவசமாகவே கற்பிக்கப்பட்டது. வீடுதோறும் சமைக்கும் அரிசியிலே ஒரு பிடி எடுத்துவைத்துக் கொடுக்கும் பிடியரிசித் திட்டத்தால் அது ஓரளவு தாங்கப்பட்டது. அரசாங்க உதவிப்பணம் 1870ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அதுவரை 22 ஆண்டுகள் சைவப் பாலரின் முதற்பாடம் ஊராரின் அடுக்களைகளால் நடந்தது. செல்வர் ஒருவரின் பெருங்கொடையிலும் பார்க்க, பல தாய்மாரின் கைப்பிடி நிலையான அத்திவாரம் என்பதை இது காட்டுகின்றது.

நாவலர் வழியைப் பின்பற்றியவர் பலர். 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிறுவப்பட்டது. ‘இந்து போர்ட்’ இராசரத்தினம் அவர்களின் அயராத உழைப்பால் அச்சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளைக் கிராமங்களிலே நடத்தியது; அப்பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பயிற்ற 1928ஆம் ஆண்டிலே திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலையையும் கண்டது. பாலர்க்கு நல்ல புத்தகம் மாத்திரம் போதாது, நல்ல ஆசிரியரும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தமைக்கு அக்கலாசாலை சான்றாகும்.

வாசலில் நின்ற பிள்ளைகள்

இதுவரை முதல் வினாவுக்கு விடை தேடினோம். இனி இரண்டாவது வினாவைக் கேட்போம். இத்துணை நன்கு அமைந்த முதற்பாடத்தைப் படிக்க யாருக்கு இடம் இருந்தது?

இங்கே நாம் தலைகுனிய வேண்டியவர்களாகின்றோம். திண்ணைப் பள்ளியின் மணல் எல்லாப் பிள்ளைகளின் விரலுக்கும் உரியதாயிருக்கவில்லை. நாவலர் காலத்துச் சைவ வித்தியாசாலையும் சாதி வேலியைத் தாண்டவில்லை. பின்னர், சட்டத்தினாலும் உதவிப்பணத்தினாலும் பாடசாலைக் கதவு திறந்தபோது, ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தனர். வந்தும், வாங்கிலே இருக்க விடப்படாமல் நிலத்திலே இருத்தப்பட்டனர். ஆத்திசூடி சொல்லும் வாயே, ‘நீ கீழே இரு’ என்றும் சொல்லிற்று. அன்று நிலத்தில் இருந்த பிள்ளை கற்ற முதற்பாடம் எது? வாங்கில் இருந்த பிள்ளை கற்ற முதற்பாடம் எது? புத்தகத்தில் அச்சிடாத அந்தப் பாடத்தையே இருவரும் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

1920ஆம் ஆண்டுகளிலே இதனை எதிர்த்து எழுந்தவர்களிலே இளைஞர் முன்னின்றனர். 1924ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்து இயக்கம் தீண்டாமையைக் கண்டித்தது. தன் மகாநாடுகளிலே சமபந்தி போசனம் நடத்திக் காட்டியது. உதவிபெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1930ஆம் ஆண்டையொட்டி அரசாங்கமும் அதனை வற்புறுத்தியது. அப்பொழுது ஆத்திரமுற்றோர் சில பாடசாலைகளைத் தீக்கிரையாக்கினர். பாலர் ஒரே வாங்கிலே இருப்பதைக் காணப் பொறாமல் பள்ளிக்குத் தீவைத்தவர்களும் நெற்றியிலே திருநீறு அணிந்தவர்களே என்பதை நினைக்கும்போது நெஞ்சு துணுக்குறுகின்றது. சமயத்தை முதற்பாடத்தில் எழுதினால் மாத்திரம் போதாது. வகுப்பறையின் ஒழுங்கிலும் அது எழுதப்படவேண்டும்.

மட்டக்களப்பு ஈன்ற சுவாமி விபுலானந்தர் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தி, ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணியவர் அவர். 1931ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பகலிலே பல்கலைக்கழகத்தில் இலக்கியம், மாலையிலே சேரியில் அகரம். இரண்டும் ஒரே கல்வியின் இரு முனைகள் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

மலையகத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களிலே 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தல் தோட்டத் துரைமாரின் கடமை என விதித்தது. ஆனால், எத்தனையோ தோட்டங்களில் அப்பள்ளி ஒரே அறையாகவும், ஆசிரியர் ஒருவராகவும் நின்றது. பத்து வயதானதும் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கிற்று. அத்தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1977ஆம் ஆண்டை அடுத்தேயாகும். தேயிலையால் நாடு பெற்ற வருவாயில் நகரத்துப் பிள்ளைகள் இலவசமாகக் கற்றுக்கொண்டிருக்க, அத்தேயிலையைக் கொய்தவர் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு மேல் வாசலிலே காத்து நின்றனர்.

அரசாங்கத்தின் கையில்

1869ஆம் ஆண்டிலே பொதுப் போதனா இலாகா நிறுவப்பட்டு, உதவிப்பண முறை ஒழுங்காயிற்று. 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது; பாலர் தாய்மொழியிலே கற்பது எங்கும் விதியாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் உடைமையாயின. மிஷன் பாடசாலைகளோடு இந்து போர்ட் பாடசாலைகளும் கைமாறின. பிடியரிசியால் எழுந்த மரபு அரசாங்கத் திறைசேரியிற் கலந்தது. 1980ஆம் ஆண்டு முதல் பாடப்புத்தகங்களும் இலவசமாயின. இவற்றால் வாசல் அகன்றது, அதிலே ஐயமில்லை. ஆயினும், பள்ளி எம்முடையது என்ற உணர்ச்சி ஊராரிடத்திலே குன்றிற்று. அதிலும் ஐயமில்லை.

பாடமும் மாறிற்று. 1999ஆம் ஆண்டிலே நாடெங்கும் முதலாந் தரத்திற் புகுத்தப்பட்ட சீர்திருத்தம், பாலர்க்குத் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என நான்கு துறைகளை வகுத்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்று வழிகளாற் கற்பிக்கச் சொல்லிற்று. மிகச் சிறிய வகுப்பிலே விளையாட்டு மிகுதியாகவும் எழுத்து வேலை குறைவாகவும் இருந்து, மேலே போகப்போக எழுத்து வேலை கூடவேண்டும் என்பது அதன் கருத்து. மணலில் விரலால் எழுதிய முன்னோர் கேட்டிருந்தால், ‘நாங்கள் செய்ததும் அதுதானே’ என்று புன்னகைத்திருப்பர்.

இடையிலே போர்க்காலம் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்தபோது பாடசாலைகளும் பெயர்ந்தன. தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புக்கள் நடந்தன. கட்டடம் போயிற்று, வாங்கு போயிற்று, புத்தகமும் போயிற்று. ஆசிரியரும் அரிவரியும் போகவில்லை.

எமது கடன்

இவ்வரலாற்றாற் பெறப்படுவது என்ன? முதற்பாடம் நல்லதாயிருந்தும் வாசல் ஒடுங்கியிருந்தால் அக்கல்வி சிலருடைய உடைமையாய் நின்றுவிடும். வாசல் அகன்றிருந்தும் முதற்பாடம் கட்டாயத்தினாலோ அச்சத்தினாலோ ஊட்டப்படுமாயின் அது நாவோடு நின்றுவிடும். இரண்டும் கூடியவிடத்தே கல்வி வேரூன்றும்.

இன்றைய நிலையை இவ்வளவுகோலால் அளப்போம். வாசலிலே இன்று குற்றப்பணமில்லை. நிலத்தில் இருத்தும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் ஒன்று, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளையும் விடியுமுன்னர் ரியூசன் வகுப்புக்கு இழுத்துச் செல்கின்றது. வறிய பிள்ளைகளிற் கெட்டித்தனமுள்ளோரைத் தூக்கிவிடும் நன்னோக்கத்தோடு எழுந்த அப்பரீட்சை, பணமுள்ளோர் ஓடும் பந்தயமாகிவிட்டது. பந்தயத்தில் ஓட முடியாத பிள்ளை, மூன்றாந் தரத்திலும் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாமல் வகுப்பின் கடைசி வாங்கிலே மௌனமாய் இருக்கின்றது. முன்னே நிலத்தில் இருந்த பிள்ளைக்கும் இன்று கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் தூரம் அதிகமில்லை.

எமது சங்கத்து இளைஞர்கள் செய்யத்தக்கது பெரிதன்று, அரிதுமன்று. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைக்கு வரும் சிறுவரிலே வாசிக்கத் தடுமாறுவோர் யாரென்று பார்ப்போம். ஒவ்வோர் இளைஞரும் ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்று, கிழமையில் இரண்டு மாலை கோயில் மண்டபத்திலோ சன சமூக நிலையத்திலோ அருகிருத்தி வாசிப்பிப்போம். சட்டாம்பிள்ளை செய்த வேலையே இது. இதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஏற்போமாயின், எமது முன்னோர் விட்ட குறையையும் ஓரளவு தீர்த்தவராவோம். பணம் வேண்டியவிடத்துப் பிடியரிசி கொடுத்த தாய்மாரின் பேத்திமார் இன்னும் எமது ஊர்களிலே இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்க நாம் நாணவேண்டியதில்லை.

ஆலயத்துக்குக் கோபுரம் எழுப்புதல் புண்ணியம். ஒரு பிள்ளை தானாகவே ஒரு பக்கத்தை வாசித்துப் பொருளுணர்ந்து முகம் மலரும்படி செய்தலும் அதனிற் குறைந்த புண்ணியமன்று. நாவலர் பெருமான் தொடங்கிய பணி அரிவரி வகுப்பிலேதான் தொடங்கிற்று. அவ்விடத்திலிருந்தே நாமும் தொடங்குவோமாக. திருவருள் துணைநிற்க.